வண்டலூர் ஹெரால்டும் அதன் வில்லும்

மனிதன் சக்கரம் கண்ட நாள் மிகப் பழைய நாள். அச்சக்கரத்தின்மீது அமர்ந்து உடல் நோகாமல் செல்ல வழி கண்ட நாளோ மிக அண்மையது. நம் நாட்டுப் பார வண்டியில் அச்சு நேரே வண்டியின் அடியில் பொருந்தியிருக்கும். பாதையின் மேடும் பள்ளமும் சிறிதும் குறையாமல் உள்ளே இருப்பவனுடைய முதுகெலும்புக்கு வந்து சேரும். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரிப்பதே நம் முன்னோர் கண்ட பரிகாரம். வசதி படைத்தவர் வீட்டில் வில்வண்டி நின்றது. அந்த வண்டிக்கு அழகிய கூண்டாலோ கொழுத்த காளையாலோ பெயர் வரவில்லை. அடியில் கண்ணுக்குப் படாமல் பாரம் தாங்கிக்கொண்டிருந்த எஃகு வில்லாலேயே பெயர் வந்தது. தமிழன் தான் வைத்த பெயரிலேயே அதன் உயிர்நிலையைச் சுட்டிவிட்டான்.

அந்த வில்லின் வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கு உரிய அத்தியாயம் ஒன்று உண்டு. சென்னைக்கு அருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் மோட்டார் வண்டியும், அதன் பின்புறத்து ஒற்றை வில்லும், அவ்வில்லுக்கு நேர்ந்த பழியும் சேர்ந்ததே அது. அவ்வண்டிகளுள் எஞ்சியவை இன்று கொட்டகைகளில் துணி போர்த்திக் கிடக்கின்றன. சில மீண்டும் சாலைக்கு வருகின்றன. அவற்றை மீட்போர் முதலில் செப்பனிட வேண்டியது எதனை, ஏன் என்பதை இக்கட்டுரையில் கூற முற்படுகிறோம். இயந்திரங்களோடு பிறந்து வளர்ந்த நம் தங்கவயல் மக்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று.

வில் வந்த வழி

1804ஆம் ஆண்டில் ஒபதியா எலியட் என்னும் ஆங்கிலேயர், எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீள்வட்டமாக வளைத்து வண்டிக்கு அடியில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கோச்சு வண்டிகளின் அடியில் கனத்த மரச்சட்டமும் தோல் வார்களும் இருந்தன. எலியட்டின் வில் வந்ததும் வண்டியின் எடை குறைந்தது, குலுக்கலும் குறைந்தது.

பட்டை வில்லின் தத்துவம் எளிது. ஒரே கனத்த இரும்புப் பாளம் வளையாது, வளைத்தால் முறியும். அதே கனத்தைப் பல மெல்லிய பட்டைகளாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் எளிதில் வளையும். பாரத்தை எல்லாம் சேர்ந்து தாங்கும். வளையும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்த உராய்வே துள்ளலை ஓரளவு அடக்குகிறது. ஆகவே பட்டை வில் பாரத்தையும் தாங்கும், ஆட்டத்தையும் தணிக்கும். இந்த வழுக்கல் நின்றுவிட்டால் வில் மீண்டும் இரும்புப் பாளமாகிவிடும். நெடுநாள் கிடந்த வண்டிக்கு வரும் நோய்க்கு மூலம் இதுவே.

இரயில்வே இலாகாவில் பணிபுரியும் நம்போன்றோருக்கு இவ்வில் நாள்தோறும் கண்ணில் படும் பொருள். கூட்ஸ் வண்டியின் அச்சுப் பெட்டிக்குமேல் நடுவில் இரும்புக் கட்டுப் போட்டு நிற்கும் பட்டை அடுக்கைக் காணாதவர் இல்லை. செப்பனிட்ட வில்லை நம் பட்டறைகளில் அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவதில்லை. பாரம் கொடுத்து அழுத்தி, விட்டபின் தன் பழைய வளைவுக்குத் திரும்புகிறதா என்று அளந்து பார்த்த பின்னரே ஏற்றுவர்.

சென்னையில் 1840ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிம்ஸன் கம்பெனி, குதிரைக் கோச்சு வண்டிகள் கட்டிப் பெயர்பெற்றது. அக்கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் கார் ஒன்றை அங்கே உருவாக்கினார். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் கொணர்ந்த 'டி' மாடல் கார், 1927 வரை ஒன்றரைக் கோடிக்குமேல் செய்யப்பட்டது. அதன் முன்னும் பின்னும் வண்டிக்குக் குறுக்கே ஒவ்வொரு வில் மட்டுமே இருந்தது. 'குறுக்கு வில்' என்னும் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது வண்டலூரில் மீண்டும் தலைகாட்டும்.

ஹெரால்டு பிறந்த கதை

இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1950களில் புதிய சிறு கார் ஒன்றைத் திட்டமிட்டது. அக்காலத்தில் காரின் அடிச்சட்டமும் மேலுடலும் ஒன்றாய் இணைந்த கூடாகச் செய்வதே புதுமுறையாக இருந்தது. ஆனால் அக்கம்பெனிக்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் ஸ்தாபனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூடு செய்து தர ஆளில்லை. ஆகவே பழைய முறைப்படி தனியாக ஓர் அடிச்சட்டம் செய்து, உடலைப் பல துண்டுகளாகச் சிற்சில இடங்களில் செய்வித்து, போல்ட்டு போட்டு முடுக்கிக்கொள்ளத் தீர்மானித்தனர். இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மிகலோட்டி அதற்கு எழிலான உருவம் தந்தார். 1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் அது வெளிவந்தது. 1971 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

ஹெரால்டில் புதுமைகள் பல இருந்தன. எஞ்ஜின் மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். ஆகவே எஞ்ஜினையும் முன்சக்கர அமைப்பையும் நின்றபடியே பழுது பார்க்கலாம். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே சுருள் வில்லில் ஏறி இறங்கும். எல்லாவற்றிலும் பெரிய புதுமை பின்சக்கரங்களும் தனித்தனியே அசைந்ததே. அத்தகைய விலையில் விற்ற ஆங்கிலேயக் கார்களில் அது அரிது.

சென்னையில் 1948ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கம்பெனி நிறுவப்பட்டு, வண்டலூரில் தொழிற்சாலை எழுந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10 முதலிய வண்டிகளுக்குப் பிறகு 1961ஆம் ஆண்டில் ஹெரால்டு வந்தது. நம் நாட்டில் அதற்கு 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று பெயர். எஞ்ஜின் 948 கன சென்டிமீட்டர். நாளடைவில் உறுப்புகள் மேன்மேலும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு நம் குடும்பங்களின் தேவைக்கென வண்டலூரில் உருவாயிற்று. 1968இல் மூன்றாம் மாடல் வெளிவந்தது. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், வண்டலூரில் செய்த ஹெரால்டு ஆகிய மூன்றுமே அக்காலத்து இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் எனின் பெரிதும் பொருந்தும். மூன்றனுள் ஒன்று தமிழ் மண்ணில் பிறந்தது நமக்குப் பெருமையே.

பழி எங்கே வந்தது?

அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பின்புறத்தில் இருந்த அமைப்பு, லாரியில் உள்ளதைப் போன்றதே. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் விறைப்பான ஒரே அச்சு. பக்கத்துக்கு ஒன்றாக வண்டியின் நீளவாட்டில் இரண்டு பட்டை வில்கள். இந்த அமைப்பை எந்த ஊர்ப் பட்டறையிலும் அறிவர். வில் தளர்ந்தால் கொல்லுலையில் காய்ச்சி வளைவு ஏற்றுவர். அல்லது ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவர். வண்டி சிறிது விறைப்பாகும். வேறு கேடு இல்லை.

ஹெரால்டின் பின்புறம் வேறு. நடுவில் டிஃபரென்ஷியல் பெட்டி அடிச்சட்டத்தோடு பிணைந்து அசையாது நிற்கும். அதிலிருந்து வலமும் இடமும் இரண்டு அரை அச்சுகள் புறப்படும். ஒவ்வொன்றுக்கும் பெட்டியை ஒட்டி ஒரே ஒரு மூட்டு. கதவு கீலில் ஆடுவதுபோல அரை அச்சு அந்த மூட்டில் ஆடும். பெட்டியின் தலைமேல் குறுக்காக ஒரே பட்டை வில். அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களைப் பிடித்திருக்கும். 'டி' மாடலின் குறுக்கு வில் புதுக்கோலத்தில் வந்தது இங்கேதான்.

கீலில் ஆடும் கதவின் விளிம்பு நேர்கோட்டில் செல்வதில்லை, வட்டத்தில் செல்லும். அவ்வாறே ஹெரால்டின் பின்சக்கரமும் ஏறி இறங்கும்போது சாய்வு மாறும். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால் வண்டி தாழும். சக்கரங்களின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து அடிப்பக்கம் வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு தேயும். வண்டியின் பின்புறம் உயர்ந்தாலோ நேர்மாறு. சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது பின்புறம் எழும்பி, வெளிப்பக்கத்துச் சக்கரம் அவ்வாறு மடங்கினால் சாலையைப் பற்றும் வலிமை திடீரெனக் குறையும். அதுவே அபாயம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த வில்லுக்கு லாரி முறைப்படி ஒரு பட்டை கூடுதலாகச் செருகினால் ஹெராலட்டின் பின்புறம் உயரும். உயர்ந்தால் சக்கரம் மடங்கும். அம்பாசடருக்கு மருந்தானது ஹெரால்டுக்கு நஞ்சாகும். வேலை தெரிந்த பட்டறைக்காரர் திறமையற்றவர் என்பது இதன் பொருளன்று. அவர் கற்ற வித்தை வேறு அமைப்புக்கு உரியது. புதிய இயந்திரம் வந்தது. அதற்குரிய அறிவு அதே வேகத்தில் ஊர்தோறும் வந்து சேரவில்லை.

இக்குறை வண்டலூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் என்னும் காருக்கு 1960 முதல் 1964 வரை பின்புறத்தில் இதே இன அச்சு இருந்தது. ரால்ஃப் நேடர் 1965ஆம் ஆண்டில் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே அக்காரைக் குற்றம் சாட்டியது. ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கு, 1970ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எளிய திருத்தம் ஒன்று செய்தனர். பட்டைகளில் ஒன்றை மட்டும் பெட்டியோடு இறுகப் பிணைத்து, மற்றவற்றை நடுவில் தராசு முள்போல ஆட விட்டனர். வண்டி சாயும்போது வில் எதிர்த்து நில்லாமல் இசைந்து கொடுத்தது. சக்கரம் மடங்குவது பெரிதும் குறைந்தது.

வண்டலூரில் வேறு வழியை மேற்கொண்டனர். நம் நாட்டில் கார் வாங்குவோரும் பட்டறைக்காரரும் அந்த ஆடும் அச்சை நம்பவில்லை. ஆகவே 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டை நிறுத்தி, அதனின்று உருவாக்கிய 'கெஸல்' என்னும் காரில் விறைப்பான ஒரே அச்சையே வைத்தனர். கெஸலும் அப்பத்தாண்டு முடியுமுன் நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 நெடுநாள் நிலைக்கவில்லை. 1980களின் இறுதியோடு வண்டலூரின் கார்த்தொழில் முடிவுற்றது.

கொட்டகையில் கிடந்த வண்டி

இனி, இருபது முப்பது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த ஹெரால்டு ஒன்றை மீட்கும் வகையைக் காண்போம். இத்தகைய வண்டி கிடைத்தவுடன் பாட்டரி மாற்றி எஞ்ஜினை உறுமச் செய்வதிலேயே பலருக்கு நாட்டம். எஞ்ஜின் கிளம்பாவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும், உயிருக்குச் சேதமில்லை. அடியில் உள்ள தாங்கும் உறுப்பு முறிந்தால் நடுச்சாலையில் சக்கரம் கழலும். ஆகவே பிரேக்கும் சஸ்பென்ஷன் உறுப்புகளும் முதலில், எஞ்ஜின் பின்னர்.

கிடந்ததனாலேயே வில் தளர்ந்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. நல்ல எஃகு, தன் அளவுக்குட்பட்ட பாரத்தைத் தாங்கி நிற்பதனால் பெரிதும் தளராது. அதற்குப் பகை துருவே. பட்டைகளின் இடுக்கில் ஈரம் புகும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடம் கொள்ளும். ஆகவே பட்டைகளை ஒன்றினின்று ஒன்று பிரித்து நெம்பும். வழுக்கவேண்டிய முகங்கள் ஒட்டிக்கொள்ளும். துரு அரித்த சிறு குழிகள் பின்னர் வண்டி ஓடும்போது விரிசலுக்கு வித்தாகும். ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெயும் அசைவும் அப்பட்டைகளைக் காத்திருக்கும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கிகளை வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும். பிறகு சுத்தியால் அடிச்சட்டத்தை இடந்தோறும் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துரு தின்றது மொத்தென ஒலிக்கும். சட்டம் கெட்டிருக்கப் புது வில் பூட்டுவது, மண்சுவரில் தேக்கு உத்தரம் ஏற்றுவது போலாகும்.

முன்புறத்தில் தனிக்கவனம் கொள்ளத்தக்கது டிரன்னியன் என்னும் வெண்கல உறுப்பு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடி, மரை வடிவில் இந்த வெண்கலத்துக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அம்மரை சிறிது சுழலும். ஒரு பக்கத்தில் வலமரை, மறுபக்கத்தில் இடமரை. இதற்கு 90 எண் கியர் எண்ணெய் இடுதல் முறை. வழக்கப்படி கிரீஸை அடைத்தால் அது மரையின் உள்ளே சென்று பரவாது. நாளடைவில் நீர் புகுந்து தண்டை அரிக்கும். வெளியிலிருந்து பார்க்க யாதொரு குறையும் தெரியாது. ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்து விழும். நெடுநாள் கிடந்த வண்டியில் இவ்வுறுப்பைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டுதல் கூடாது. சுருள் வில்லைக் கழற்றுமுன் அதற்குரிய கருவியால் அழுத்திக் கட்டவேண்டும். அதில் அடங்கியுள்ள விசை ஆளைக் கொல்லப் போதியது.

வில்லைப் புதுப்பித்தல்

பின்வில்லை எடுக்க வண்டியின் அடியில் மட்டும் புகுந்தால் போதாது. பின்ஆசனத்தை அகற்றினால் தகட்டு மூடி ஒன்று காணப்படும். அதைத் திறந்தால் டிஃபரென்ஷியல் பெட்டியின்மேல் வில் பூட்டிய மரையாணிகள் தெரியும். வில்லின் இரு முனைக் கண்களிலும் உள்ள போல்ட்டுகளே அதிகத் தொல்லை தரும். அவை புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவால் ஒன்றாகி நிற்கும். துருநீக்கும் எண்ணெயைப் பலநாள் ஊறவிட்டுப் பொறுமையாக எடுப்பாரும் உண்டு. அறுத்தே எடுப்பாரும் உண்டு. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் சக்கரம் தாங்கும் வார்ப்பு உறுப்பு விரியும்.

கழற்றிய வில்லைக் கவ்வியில் இறுகப் பிடித்த பின்னரே நடுப்போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் பட்டைகள் சிதறித் தாக்கும். எடுத்த பட்டைகளுக்கு வரிசை மாறாதபடி சுண்ணக்கட்டியால் எண் இடுதல் நலம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். விரிசல் பெரும்பாலும் நடுத்துளையைச் சுற்றியும், ஒரு பட்டையின் முனை அடுத்த பட்டையை அழுத்தும் இடத்திலும் தோன்றும். விரிசல் கண்ட பட்டையை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துதல் கூடாது. பற்றவைப்பின் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும்.

பட்டை நல்லதாயும் வளைவு மட்டும் குறைந்தும் இருப்பின் மீண்டும் பதமிடலாம். ஏறத்தாழ 850 பாகை சென்டிகிரேடு வரை சீராகக் காய்ச்சி, அச்சுப்படி வளைத்து, எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது எஃகு கடினமாகும். கண்ணாடிபோல் முறியவும் கூடும். ஆகவே மீண்டும் ஏறத்தாழ 450 பாகைக்குச் சூடேற்றி ஆறவிட்டால்தான் வளைந்து மீளும் குணம் வரும். பழைய லாரிப் பட்டையிலிருந்து நம் கொல்லர்கள் அருமையான அரிவாள் அடிப்பது யாவரும் அறிந்ததே. அரிவாளுக்கு வேண்டியது விளிம்பின் கடினம். வில்லுக்கு வேண்டியது மீளும் குணம். இரண்டுக்கும் எஃகு ஒன்று, பதம் வேறு.

வளைவை எவ்வளவு ஏற்றுவது என்பதே முடிவான கேள்வி. முன்பு கூறிய காரணத்தால் ஹெரால்டில் 'சற்று அதிகமாக இருக்கட்டும்' என்னும் பேச்சுக்கு இடமில்லை. கம்பெனி விதித்த அளவே அளவு. பட்டை முனைகளின் இடையே அமைந்த ரப்பர்ப் பொத்தான்களையும், கண்களில் உள்ள ரப்பர் புஷ்களையும் புதிதாக இடவேண்டும். கிடந்த ரப்பர் கருங்கல்லாக இறுகியோ வெடித்தோ இருக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதுவும் மாற்றத்தக்கது.

பூட்டும்போது பலரும் மறக்கும் விதி ஒன்று உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தாங்கியில் நிற்கும்போது இறுதியாக முடுக்குதல் கூடாது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், விரைவில் கிழியும், வண்டியும் உரிய உயரத்தில் அமராது. ஆகவே முதலில் இலேசாகப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏற்றி, முன்னும் பின்னும் உருட்டி அமரச் செய்த பின்னரே முழுதும் முடுக்க வேண்டும். சில நாள் மெதுவாக ஓட்டிவிட்டு எல்லா மரைகளையும் மறுபடி சோதித்தல் நன்று.

பழைய அச்சா, புதிய அச்சா?

இவ்வளவு தொல்லைக்குப் பதில் கெஸலில் செய்ததுபோல் விறைப்பான அச்சை வைத்துவிடலாகாதோ என்று வினவலாம். அன்றாடம் ஓடவேண்டிய வண்டிக்கு அவ்வினா நியாயமானதே. வரலாற்றுப் பொருளாகக் காக்கப்படும் வண்டிக்கு அது பொருந்தாது. மத்திய சர்க்கார் 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டனர். முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவில் பேணப்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வண்டிகளே அவ்வகையில் பதிவு பெறும். அவற்றின் எண் பலகையில் 'வி ஏ' என்னும் அடையாள எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு முதலிய காரியங்களுக்கு அன்றி அன்றாட ஓட்டத்துக்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது. 1960களில் பதிவான ஹெரால்டுகள் யாவும் அந்த வயதைக் கடந்தவை.

விதியைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிக்கும் காரணம் வேறு. அந்தக் குறுக்கு வில் வண்டலூர்த் தொழிலாளர் கைபட்டுச் செய்த பொருள். அதில் பிழை இருந்தால் அப்பிழையும் வரலாறே. அதை அகற்றிவிட்டுப் புது அச்சைப் பூட்டினால், வண்டி ஓடும். ஆனால் நம் நாடு எதை முயன்றது, எதில் தடுமாறியது, எதைக் கற்றது என்பதைக் காட்டும் சான்று போய்விடும். மெதுவாக ஓட்டி, பாரம் அளவறிந்து ஏற்றி, வளைவில் நிதானித்துச் செல்பவனுக்கு அவ்வில் இன்றும் உதவும்.

நமக்குரிய பாடம்

இயந்திரம் ஓய்ந்தால் என்னாகும் என்பதை நம் ஊரைவிட நன்கறிந்த ஊர் வேறில்லை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து, நந்திதுர்க்கம், ஊரிகாம், சாம்பியன் ரீஃப், மைசூர், பாலகாட் என்று சுரங்கங்கள் பெருகின. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கு வந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் பாட்டனாரும் தந்தையாரும் பாறையை மட்டும் உடைக்கவில்லை. பம்பு, விஞ்சு, கம்பி வடம், கூண்டு ஆகிய அனைத்தையும் கண்ணும் கருத்துமாகப் பேணும் வித்தையையும் கற்றனர். ஆளிறக்கும் கூண்டு தொங்கும் வடத்தையும் அதன் பிணைப்புகளையும் ஓயாது சோதித்தனர்; சோதிக்காத ஒருநாள் பல உயிர்களுக்கு விலையாகும் என்பதை அறிந்திருந்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, சுரங்கவழிகளில் நீர் நிறைந்தது.

இரும்பு துருப்பிடித்தால் தேய்த்து எடுக்கலாம். பட்டை கெட்டால் புதிது செய்யலாம். அதைச் செய்யும் கையறிவு ஒரு தலைமுறை இடைவெளி விட்டுப்போனால் மீட்பது அரிது. கொல்லுலையில் எஃகின் நிறம் கண்டு சூட்டை அறிந்தவர், சுத்தி ஒலியால் விரிசலை உணர்ந்தவர், மரையின் இறுக்கத்தைக் கைமணிக்கட்டால் அளந்தவர் ஆகிய முதியோர் சிலர் நம் லைன் வீடுகளில் இன்றும் உள்ளனர். அவர்களுடைய பட்டறைச் சொற்களும் வேலை நுட்பங்களும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. 1964இல் இங்கு நிறுவப்பட்ட பெமல் தொழிற்சாலையால் அம்மரபின் ஒரு பகுதி தொடர்ந்தது என்றாலும், வீட்டுக்கு வீடு இருந்த அறிவு குறைந்து வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

ஹெரால்டின் வில் கெட்ட பெயர் எடுத்தது, அதைப் பேணும் அறிவு அதனுடன் ஊர்களுக்கு வந்து சேராமையால். நம்மிடமோ அறிவு இருந்தது. பேணுவதற்குரிய இயந்திரம்தான் ஓய்ந்தது. அவ்வறிவை இளைஞருக்குக் கொடுக்க இனியும் காலந்தாழ்த்துதல் தகாது. நம் சங்கத்தார் மாதத்தில் ஒருநாள் மாலை முதிய ஃபிட்டர்களையும் கொல்லர்களையும் அழைத்து, கருவிகளை முன்வைத்து, மாணவருக்கு விளக்கச் செய்யலாம். அவர்கள் வழங்கும் தமிழ்ப் பட்டறைச் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு விழா மலர் வெளிவருமுன் அப்புத்தகத்தில் நூறு சொற்களேனும் சேருமாயின், நாம் இங்கு எழுதியதன் பயன் கைகூடியதாகக் கொள்வோம்.